ஒரு நாள் கணக்கா, ஓர் ஆண்டுக் கணக்கா? அமெரிக்க நீண்டகாலப் பராமரிப்புப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டில் ஏறத்தாழ 65,600 நிறுவனங்கள் 83 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நீண்டகாலப் பராமரிப்பு அளித்தன என்ற வரி, முதுமை பற்றிய கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அந்த எண் சரியானதுதான், ஆனால் அது எப்படிக் கூட்டப்பட்டது என்று தெரியாமல் அதை மேற்கோள் காட்டுபவர் தாம் அறியாமலே பிழையான ஒரு முடிவுக்கு வாசகரை இட்டுச் செல்லக்கூடும். அந்தத் தரவை எடுத்துக் கட்டுரையோ திட்ட அறிக்கையோ எழுத முனைபவர்கள், அட்டவணையைத் திறப்பதற்கு முன்பும் திறந்த பின்பும் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். சி.டி.சி. எனப்படும் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களின் ஓர் அங்கமான தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையம் 2012 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நீண்டகாலப் பராமரிப்பு அளிப்பவர்கள் பற்றிய தேசிய ஆய்வு (National Study of Long-Term Care Providers) என்ற பெயரில் தொடங்கிய இந்த ஆய்வை நடத்தி வந்திருக்கிறது. அதற்கு முன்பு நர்சிங் ஹோம்களுக்கென ஒன்று, வீட்டுப் பராமரிப்புக்கும் ஹாஸ்பிஸுக்கும் சேர்த்து ஒன்று, குடியிருப்புப் பராமரிப்புக்கென ஒன்று எனத் தனித்தனிக் கணக்கெடுப்புகள் நடந்தன. அவை முறையே 2004, 2007, 2010 ஆகிய ஆண்டுகளோடு நின்றுபோயின. புதிய ஆய்வு எல்லாத் துறைகளையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது. பின்னர் மறுவாழ்வு மருத்துவமனைகளும் நீண்டகாலத் தங்கல் மருத்துவமனைகளும் சேர்க்கப்பட்டு, ஆய்வின் பெயரும் National Post-acute and Long-term Care Study என்று மாற்றப்பட்டது. ஆகவே பழைய பெயரில் மட்டும் தேடுபவருக்குப் பிந்தைய அறிக்கைகள் கிடைக்காமல் போகலாம்.

துறைகளின் பெயர்களைப் புரிந்துகொள்வதில் தமிழ் வாசகர்களுக்குத் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. நர்சிங் ஹோம் என்றால் நாம் சிறிய தனியார் மருத்துவமனையை நினைக்கிறோம். அங்கே அந்தச் சொல், செவிலியர் மேற்பார்வையில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மக்கள் தங்கியிருக்கும் இல்லத்தைக் குறிக்கும். குடியிருப்புப் பராமரிப்பு என்று வகைப்படுத்தப்படுவது, குளிக்கவும் உடுத்தவும் மருந்து எடுத்துக்கொள்ளவும் உதவி தேவைப்படுபவர்கள் வாழும் இடம். மாநில அரசின் உரிமமோ பதிவோ பெற்று, நான்கு படுக்கைகளாவது வைத்து, நாளுக்கு இரண்டு வேளையாவது உணவு அளித்து, இருபத்து நான்கு மணி நேர மேற்பார்வையும் வழங்கும் இடங்களே ஆய்வில் சேரும். ஒரு வீட்டில் இரண்டு மூன்று முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிறு ஏற்பாடுகள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பகல்நேர மையம், செவிலியரையும் உதவியாளரையும் வீட்டுக்கே அனுப்பும் நிறுவனம், ஆயுளின் இறுதிக்காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸ் ஆகியவை மற்ற மூன்று துறைகள்.

இனி அட்டவணைக்கு வருவோம். நான் எந்த எண்ணையும் குறித்துக்கொள்வதற்கு முன் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்வேன்: யாரை எண்ணினார்கள், எந்தக் காலத்துக்கு எண்ணினார்கள், யார் சொல்லி எண்ணினார்கள், எந்த ஆண்டு. இந்த நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த எண்ணை நான் பயன்படுத்துவதில்லை.

இவற்றில் இரண்டாவது கட்டமே மிகுதியானவர்களைத் தவறச் செய்கிறது. 2016ஆம் ஆண்டுச் சுற்றில் பகல்நேர மையங்களில் 2,86,300 பேர், குடியிருப்புப் பராமரிப்பில் 8,11,500 பேர், நர்சிங் ஹோம்களில் 13,47,600 பேர் இருந்தனர். இந்த மூன்றும் ஒரு நாளின் நிலையைக் காட்டுபவை. அந்த நாளில் பதிவில் இருந்தவர்கள், அல்லது தங்கியிருந்தவர்கள். அதே அட்டவணையில் வீட்டுப் பராமரிப்பு பெற்றவர்கள் 44,55,700 பேர் என்றும் ஹாஸ்பிஸில் இருந்தவர்கள் 14,26,000 பேர் என்றும் இருக்கும். இவை 2015ஆம் ஆண்டு முழுவதற்குமான கணக்கு: முதலாவது அந்த ஆண்டில் சேவை பெற்று அது முடிந்தவர்களையும், இரண்டாவது அந்த ஆண்டில் எப்போதாவது சேவை பெற்றவர்களையும் சேர்த்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று வாரம் செவிலியர் வீட்டுக்கு வந்துபோன ஒருவரும், நர்சிங் ஹோமில் ஆறாண்டாகத் தங்கியிருக்கும் ஒருவரும் இந்த அட்டவணையில் ஆளுக்கு ஒன்று என்றே எண்ணப்படுகிறார்கள்.

ஐந்தையும் கூட்டினால் 83 லட்சம் வருகிறது. அதில் பத்தில் ஏழு பங்கு ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது. ஒரு நாள் கணக்குகளை மட்டும் கூட்டினால் 24,45,400தான். ஒருவரே நர்சிங் ஹோமிலிருந்து வீடு திரும்பி, வீட்டுப் பராமரிப்பு பெற்று, பின்னர் ஹாஸ்பிஸுக்குப் போயிருந்தால் அவர் மூன்று வரிசைகளிலும் இடம்பெற்றிருக்கக்கூடும். எனவே வீட்டுப் பராமரிப்பு பெறுபவர்கள் நர்சிங் ஹோம்வாசிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று எழுதுவது பிழை. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பயிற்சிக் குறிப்பில் அப்படி எழுதியிருக்கிறேன்; அது அச்சாகி, வகுப்பில் பலர் கையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்தேன். அன்றிலிருந்து அடிக்குறிப்பை முதலில் படித்துவிட்டே எண்களுக்குப் போகிறேன்.

மூன்றாவது கட்டம், தகவலைத் தந்தவர் யார் என்பது. பகல்நேர மையங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நாடு முழுவதற்குமான அரசுப் பதிவேடு இல்லாததால் ஆய்வாளர்கள் வினாத்தாள் அனுப்புகிறார்கள். 2016 வரை அதை நிரப்பியவர் பெரும்பாலும் அந்த இடத்தின் இயக்குநர். உங்களிடம் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு மறதிநோய் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் தரும் எண்ணே தரவாகிறது. 2018ஆம் ஆண்டுச் சுற்றில், இடத்துக்குச் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் தனியே கேட்கும் முறை வந்தது. நர்சிங் ஹோம், வீட்டுப் பராமரிப்பு, ஹாஸ்பிஸ் ஆகியவற்றுக்கு வினாத்தாள் கிடையாது; மெடிகேர், மெடிகெய்டு ஆகிய அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நிர்வகிக்கும் மையத்திடம் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நர்சிங் ஹோமில் செவிலியர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவமும், ஹாஸ்பிஸில் கட்டணக் கோரிக்கைகளும் அதற்கு ஆதாரம். இதற்கு ஒரு விலையும் உண்டு. அந்தத் திட்டங்களின் சான்றிதழ் பெறாத நிறுவனங்கள் இந்த மூன்று துறைகளின் எண்ணிக்கையில் சேர்வதில்லை. குடும்பத்தார் கைப்பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் உதவியாளரும், ஊதியமின்றிப் பார்த்துக்கொள்ளும் மகளும் மனைவியும் இந்த ஆய்வில் எங்குமே இல்லை.

ஒரு வரிசையை அருகில் வைத்துப் பார்ப்போம். 2016 அறிக்கையின்படி மறதிநோய் உள்ளவர்களின் பங்கு நர்சிங் ஹோம்களில் 47.8 விழுக்காடு, ஹாஸ்பிஸில் 44.5, குடியிருப்புகளில் 41.9, வீட்டுப் பராமரிப்பில் 32.3, பகல்நேர மையங்களில் 30.9. நர்சிங் ஹோமும் குடியிருப்பும் ஆறே விழுக்காட்டுப் புள்ளிகளில் வேறுபடுகின்றன என்பதைப் பார்த்தவுடன், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வகை மக்கள் இருக்கிறார்கள் என்று எழுதத் தோன்றும். ஆனால் முதலாவது செவிலியர் பதிந்த நோயறிதல், இரண்டாவது இயக்குநரின் கணிப்பு. அந்த இடைவெளி உண்மையில் இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதலாம், தகவல் தந்தவர்கள் வேறுவேறு என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அத்துடன், விழுக்காட்டோடு நிறுத்தாமல் ஆள் எண்ணிக்கைக்கும் மாற்றிப் பாருங்கள். 47.8 விழுக்காடு ஏறத்தாழ 6,44,000 பேர், 41.9 விழுக்காடு ஏறத்தாழ 3,40,000 பேர். கொள்கை பற்றி எழுதுபவருக்கு இந்த எண்களே அதிகம் உதவும்.

விழுக்காடு நிறுவனங்களின் விழுக்காடா, மக்களின் விழுக்காடா என்பதையும் முதல் கட்டத்திலேயே எழுதிவையுங்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடியிருப்புகளில் பாதி, பத்துப் படுக்கைக்கு மேல் இல்லாத சிறிய இடங்கள். ஆனால் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்களில் பத்தில் ஒருவரே அத்தகைய இடங்களில் இருந்தார். நூறு படுக்கைக்கு மேற்பட்டவை 7 விழுக்காடு மட்டுமே. அவற்றில் 29 விழுக்காட்டினர் வாழ்ந்தனர். பாதிக் குடியிருப்புகள் சிறியவை என்பதும் உண்மை, பெரும்பாலோர் அவற்றைவிடப் பெரிய இடங்களில் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. தம் வாதத்துக்குத் தோதான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது வருத்தம் தருகிறது. ஏனென்றால் அந்த எண்களை நம்பி யாரோ ஒருவர் தம் பெற்றோருக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னும் நிதானம் தேவை. குடியிருப்புகளின் எண்ணிக்கை 2010இல் 31,100, 2012இல் 22,200, 2014இல் 30,200, 2016இல் 28,900 என்று அறிக்கைகளில் இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் ஒன்பதாயிரம் இல்லங்கள் மூடப்பட்டு, அடுத்த இரண்டாண்டில் எட்டாயிரம் மீண்டும் திறக்கப்பட்டன என்று எவரும் நம்பக் கூடாது. இப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் கண்ணில் பட்டால், மாநிலங்களின் உரிமப் பட்டியலிலிருந்து இடங்கள் எப்படித் திரட்டப்பட்டன, தகுதி எப்படிச் சோதிக்கப்பட்டது என்று விளக்கும் பின்னிணைப்பைப் படிக்காமல் வரைபடம் போடாதீர்கள். நர்சிங் ஹோம்களின் எண்ணிக்கையோ 2012, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் முறையே 15,700, 15,600, 15,600 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அரசுப் பதிவேட்டிலிருந்து வரும் எண்ணின் போக்கை ஒப்பீட்டளவில் நம்பலாம் என்பது என் அனுபவம்.

மாநில அளவிலான எண் தேவைப்படுபவர்களுக்கு 2015–2016 சுற்றுக்குத் தனி இணைப்பு அறிக்கை வெளியாகியிருக்கிறது. சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். நம்பகத்தன்மை போதாததால் அந்த மதிப்பீடு நீக்கப்பட்டது என்று பொருள். அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மற்ற கட்டங்களைக் கழித்து வருவிக்கவும் கூடாது. அறிக்கைகளில் இல்லாத நுணுக்கமான தரவு வேண்டும் என்றால், ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதி அந்த மையத்தின் ஆராய்ச்சித் தரவு மையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இனி எழுதும் வேலை. ஒரு மில்லியன் பத்து லட்சம் என்பதை ஒவ்வொரு முறையும் காகிதத்தில் போட்டுச் சரிபாருங்கள், 8.3 மில்லியன் 8.3 லட்சமாகிவிட்ட கட்டுரைகள் உண்டு. பிறகு நான்கு கட்டங்களையும் வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். எடுத்துக்காட்டாக: “மெடிகேர் அல்லது மெடிகெய்டு சான்றிதழ் பெற்ற அமெரிக்க நர்சிங் ஹோம்களில் 2016ஆம் ஆண்டில் எந்த ஒரு நாளிலும் ஏறத்தாழ 13,47,600 பேர் தங்கியிருந்தனர், செவிலியர் மதிப்பீட்டுப் படிவங்களின்படி அவர்களில் 47.8 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருந்தது.”