விசில் சத்தத்தில் தொலையும் நேரம்: உடற்கல்வி அளவீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

50 மீட்டர் ஓட்டம். ஆசிரியர் முடிவுக் கோட்டில் நிற்கிறார். மறுமுனையில் ஒரு மாணவர் விசில் ஊதுகிறார். சத்தம் காதில் விழுந்த பிறகுதான் ஆசிரியர் ஸ்டாப் வாட்சை அழுத்துகிறார். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.15 நொடி ஆகும். ஓடும் பிள்ளையின் நேரம் அந்த அளவுக்குக் குறைத்தே பதிவாகிறது. தடகளத்தில் கையால் நேரம் எடுப்பவர்கள் துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ பார்த்துத்தான் அழுத்துவார்கள். பள்ளியில் விசிலோடு ஒரு கொடியையும் இறக்கச் சொன்னால் போதும். ஸ்டாப் வாட்ச் 8.42 நொடி என்று காட்டினால் 8.5 என்று எழுதுங்கள். தடகள விதியும் அப்படித்தான் மேல்நோக்கி முழுமையாக்குகிறது.

600 மீட்டர் ஓட்டத்தின் தடத்தைக் காலடியால் அளந்து சுண்ணாம்புக் கோடு போடுவது இன்னொரு தவறு. வளைவின் ஆரம் ஒரு மீட்டர் கூடினாலே ஒரு சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல் கூடிவிடும். நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது உடல் நிறைக் குறியீடு. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுப்பது எளிது. வந்த எண்ணைப் படிப்பதில்தான் பிழை. 10 வயதுச் சிறுவன், உயரம் 140 செ.மீ., எடை 30 கிலோ: குறியீடு 15.3. பெரியவர்களுக்கான 18.5 என்ற எல்லையை வைத்துப் பார்த்தால் அவன் எடை குறைந்தவன். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வயதுவாரி அட்டவணையில் அவன் முற்றிலும் இயல்பானவன். நன்றாக இருக்கும் பிள்ளையின் பெற்றோரை வீணாகக் கலங்கடிக்காதீர்கள். எடையை வரிசையில் நிற்பவர்கள் கேட்க உரக்கச் சொல்வதும் வேண்டாம். அன்று கூனிக்குறுகும் பிள்ளை அடுத்த முறை அளவெடுக்கும் நாளில் விடுப்பு எடுத்துவிடும்.

வராத பிள்ளைக்குப் பதிவேட்டில் பூஜ்யம் போடக் கூடாது. தண்டால் எண்ணிக்கையில் இரண்டு பூஜ்யம் நுழைந்தால் வகுப்பின் சராசரியே சரிந்துவிடும். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். விட்டுப்போனதை மாலையில் நினைவிலிருந்து நிரப்பவும் வேண்டாம்.

எடுத்த எண்களைத் தரவரிசைப் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டுவதோடு பல பள்ளிகளில் வேலை முடிந்துவிடுகிறது. பட்டியலின் கடைசியில் இருக்கும் சிறுமி ஜூலையில் 600 மீட்டரை 3 நிமிடம் 40 நொடியில் ஓடியிருப்பாள். ஜனவரியில் அதே மைதானத்தில், அதே காலை வேளையில் 3 நிமிடம் 22 நொடி. அந்த 18 நொடியைப் பட்டியல் காட்டாது. இரண்டு எண்களையும் அவளுடைய அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அவள் கையிலேயே கொடுங்கள்.