அலோய் ரிம்மில் கீறல் விழாமல் பைக் டயர் மாற்றுவது எப்படி

டயர் மாற்றி முடிந்ததும் ரிம்மின் விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்குப்பட்டு நிற்கிற இடமெல்லாம், டயரை நெம்பி எடுக்கிற லீவர் கடித்த இடம். டியூப் போட்ட சக்கரத்தில் அது பெரும்பாலும் பார்வைக் குறையோடு போய்விடும். டியூப்லெஸ் சக்கரத்தில் அப்படி விட முடியாது. வெட்டு உட்பக்கமாக டயர் அமரும் தளம் வரை இறங்கியிருந்தால் காற்று அந்த வழியாகவே கசியும். பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். இலங்கையின் கிழக்கே வாகரையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக ஓடுகிற பைக்குகளில் இரண்டு நாளைக்கு ஒருதரம் காற்றடிக்க வேண்டிய சக்கரங்கள் பலவற்றுக்கும் ஆணியோ முள்ளோ காரணமில்லை, இந்த அரிப்புத்தான் காரணம்.

ரிம் எப்படிச் சேதமாகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டயரின் உள் ஓரத்தில் உருக்குக் கம்பி ஓடுகிறது. அந்த ஓரத்தைத்தான் பீட் என்பார்கள். அந்தக் கம்பி இழுபடாது. ரிம்மின் விளிம்பு அதைவிடப் பெரிய வட்டம். அப்படியென்றால் டயர் எப்படி வெளியே வருகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கப் பீட்டை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். லீவர் அந்தத் தளர்வை எடுப்பதற்கு மட்டும்தான். லீவரில் தொங்க வேண்டியிருந்தால், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்க வேண்டியிருந்தால், எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இன்னும் பலம் போட்டால் விளிம்பு வெட்டுப்படும், அல்லது பீட் கம்பி முறியும். கம்பி மடிந்த டயரைப் புதிதென்றாலும் போடக் கூடாது. எனவே பலம் தேவைப்பட்ட உடனே நிறுத்துங்கள். லீவரை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய் முழங்காலால் அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். இந்தக் கட்டுரையில் இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

டயர் வாங்கும்போது

பழைய டயரின் பக்கச்சுவரில் உள்ள அளவையே வாங்குங்கள். சி.டி.100 போன்ற பைக்குகளுக்கு முன்னால் 2.75-17, பின்னால் 3.00-17. அகலமாகத் தெரிய வேண்டும் என்று ஒடுங்கிய ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் டயரின் தோள் உள்ளே நெரிபட்டு, நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும். வளைவில் பைக் சொன்னபடி கேட்காது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் வெயில் படுகிற இடத்தில் வருடக்கணக்காகத் தொங்கிய டயரின் பீட் விறைத்துப் போயிருக்கும். ரிம்மைக் கீறுவதில் அதற்கும் பங்குண்டு. வாங்கிய டயரை ஏற்றுவதற்கு முன் அரை மணித்தியாலம் வெயிலில் போட்டு வையுங்கள். மட்டக்களப்பு வெயிலுக்கு அது போதும், றப்பர் இளகி எளிதாக ஏறும்.

சக்கரத்தைக் கழற்றுதல்

அச்சை உருவுவதற்கு முன் இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்குழாய், வாசர், எந்தப் பக்கம் எது என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். இடைக்குழாய் ஒன்று தவறி அச்சை இறுக்கினால் பெயாரிங் பக்கவாட்டாக நெரிபட்டு, கொஞ்ச நாளில் ஊளையிடத் தொடங்கும்.

டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை யாரும் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்து, டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கிற பிரேக் பாட் இரண்டும் ஒட்டிக்கொண்டால் டிஸ்க் திரும்ப உள்ளே போகாது. பாட்டுகளுக்கு இடையில் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். பின்சக்கரம் டிரம் பிரேக் என்றால் பிரேக் தட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். பிரேக் கட்டையில் சவர்க்காரத் தண்ணீர் படக் கூடாது. செயின் பல்லுச்சக்கரம் றப்பர் கட்டைகளோடு தனியாகக் கழன்று வருகிற வகை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். வேலை செய்கிற இடம் விசாலமாகும்.

சக்கரத்தை ஒருபோதும் டிஸ்க் கீழே படும்படி சீமெந்துத் தரையில் படுக்க வைக்காதீர்கள். டிஸ்க்கின் மேல் ஏறி மிதித்தால் ஒரு மில்லிமீட்டர் வளைவே போதும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கைப்பிடி துடிக்கும். பழைய கார் டயர் ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் சக்கரத்தை வைப்பதுதான் நல்ல வழி. டிஸ்க் அந்த டயரின் நடு வெற்றிடத்துக்குள் தொங்கும், ரிம்மும் கல்லில் உரசாது.

பீட்டை விடுவித்தல்

வால்வின் உள் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். கொஞ்சம் காற்று மிஞ்சியிருந்தாலும் பீட் அசையாது. பிறகு ரிம்முக்கும் றப்பருக்கும் இடையில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள்.

பல இடங்களில் இதற்குச் சுத்தியலைத்தான் எடுப்பார்கள். ஒரு அடி தவறினால் அலோயில் பள்ளம் விழும். வீட்டில் செய்வதென்றால் இன்னொரு பைக்கின் சைட் ஸ்டாண்ட் நல்ல கருவி. சக்கரத்தை அதன் பக்கத்தில் படுக்க வைத்து, ஸ்டாண்டின் அடிப்பாதம் ரிம் விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி, றப்பரின் மேல் மட்டும் இருக்கும்படி வைத்து, ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்க்க வேண்டும். “டப்” என்று பீட் உள்ளே விழும். சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி முழுச் சுற்றும் விழுந்த பிறகு மறுபக்கத்தையும் அப்படியே செய்யுங்கள்.

லீவர் போடுதல்

மூன்று லீவர் வேண்டும். நுனி உருண்டு மழுங்கியிருக்க வேண்டும். சீவிய ஸ்குரூ டிரைவரும் கம்பியும் இதற்கு ஆகாது. ரிம்முக்குக் காப்பு என்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் துண்டு கிடைக்காவிட்டால் காலியான நாலு லீற்றர் என்ஜின் ஒயில் கேனைக் கழுவி, நாலு விரல் அகலத்துக்கு வெட்டி விளிம்பின் மேல் மடித்து வையுங்கள். நீளவாக்கில் பிளந்த தண்ணீர்க் குழாய்த் துண்டும் சரிவரும். லீவர் எங்கு படுகிறதோ அங்கு பிளாஸ்டிக் இருக்க வேண்டும், ஒரு தடவைகூட விதிவிலக்கு வேண்டாம்.

கழற்றும்போது வால்வுப் பக்கத்தில் தொடங்குங்கள். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்தில் அழுத்திக்கொண்டு முதல் லீவரை ஏற்றுங்கள். அடுத்ததை அதிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி, அதற்கடுத்ததையும் ஐந்து. சின்னச் சின்னதாக எடுக்க வேண்டும். ஒரே தடவையில் பதினைந்து சென்ரிமீற்றர் இழுக்க நினைப்பதுதான் ரிம்மைக் கெடுக்கிறது. லீவரின் நுனியை ஆழமாக உள்ளே விடாதீர்கள். டியூப் இருந்தால் அதைக் கடிக்கும், டியூப்லெஸ் என்றால் பீட்டின் அடியைக் கிழிக்கும்.

வழுக்குவதற்கு என்ஜின் ஒயில், கிறீஸ், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். றப்பரை ஊதி நைந்து போகச் செய்யும். அதோடு உலராமல் தங்கிவிடுவதால், பிரேக் போடும்போது டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றி டியூப் வால்வைப் பிய்த்துவிடும். சலவைச் சவர்க்காரக் கட்டியைச் சீவி வெந்நீரில் கரைத்த குழம்பு போதும்.

ரிம்மைச் சுத்தம் செய்தல்

அவசரத்தில் விடுபடுகிற வேலை இதுதான், ஆனால் எங்கள் கரையில் இதுதான் முக்கியம். டயர் அமர்ந்திருந்த தளத்தில் வெள்ளையாக, மாவு தடவியது போல ஒரு படலம் இருக்கும். அது அலுமினியம் அரித்த தூள். இடையிடையே பெயின்ட் கொப்புளித்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்த்துண்டால் தேய்த்துப் பாருங்கள். போகாவிட்டால் 400ஆம் இலக்க மணற்தாளைத் தண்ணீரோடு பாவியுங்கள். கம்பிச் சக்கரத்தை டிரில்லில் மாட்டித் தேய்த்தால் நல்ல பெயின்ட்டும் போய்விடும். வழவழப்பானதும் துடைத்து உலர்த்தி, வெறும் அலுமினியம் தெரிகிற இடத்தில் மெல்லிய பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்து நன்றாகக் காய விடுங்கள்.

இந்த நேரத்தில் ரிம்மையும் பார்த்துவிடுங்கள். வயல் பாதையில் மூட்டையோடு ஓடுகிற பைக்குகளுக்கும், படுவான்கரையின் கிறவல் பாதையில் ஓடுகிறவற்றுக்கும் பின் ரிம்மின் விளிம்பில் தட்டையான அடி இருக்கும். ஆரக்கால் ரிம்மோடு சேருகிற மூலையில் தலைமுடி போன்ற கோடு தெரிந்தால் அந்த ரிம்மைப் பாவிக்க வேண்டாம். வெடிப்பை வெல்டிங் வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது.

டியூப்லெஸ் என்றால் றப்பர் வால்வை ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் புதிதாகப் போடுங்கள். பழையதின் அடியை வளைத்துப் பார்த்தால் சின்னச் சின்ன வெடிப்புகள் தெரியும். கம்பி ஆரக்கால் ரிம் என்றால் உள்ளே ஓடுகிற றப்பர் பட்டியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆரக்கால் முனை டியூப்பைக் குத்தும்.

புதிய டயரை ஏற்றுதல்

பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றுகிற திசை. மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் பாரம் குறைந்த இடம், வால்வுக்கு நேரே வைக்கவும். முதல் பீட்டைப் பெரும்பாலும் கையாலேயே ஏற்றிவிடலாம். டியூப் போடுவதாக இருந்தால் முகப்பவுடர் கொஞ்சம் தூவி, வட்டமாக நிற்கிற அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே விடுங்கள். வால்வு நட்டை இரண்டு மூன்று புரி மட்டும் மாட்டி வையுங்கள். முதலிலேயே இறுக்கக் கூடாது.

இரண்டாவது பீட்டை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வின் அடி தடித்திருப்பதால் அந்த இடத்தில் பீட் பள்ளத்துக்குள் இறங்காது, அதனால்தான் கடைசி அங்கே. கடைசி ஒரு சாண் நீளம் வரும்போது எல்லோருக்கும் இறுகும். அப்போது நிறுத்தி, ஏற்கெனவே ஏற்றிய பகுதி முழுவதையும் கையால் பள்ளத்துக்குள் அழுத்தி, இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் தடவி, பிறகு ஐந்து ஐந்து சென்ரிமீற்றராக முடியுங்கள். முடிந்ததும் டியூப் வால்வை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். டியூப் பீட்டுக்கு அடியில் மாட்டியிருந்தால் அது விடுபடும்.

வால்வு ஊசி இல்லாமலே காற்றடித்தால் வேகமாக நிரம்பிப் பீட் தானாக அமரும், இரண்டு தடவை வெடிச்சத்தம் கேட்கும். கை விரலை ரிம் ஓரத்தில் வைக்காதீர்கள். காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. வரை வந்தும் அமராவிட்டால் மேலும் ஏற்ற வேண்டாம். காற்றை இறக்கிச் சவர்க்காரம் தடவி மறுபடி முயலுங்கள். டியூப்லெஸ்ஸில் காற்றே நிற்காவிட்டால் டயரின் நடுவைச் சுற்றிப் பட்டியால் இறுக்கிக் கட்டினால் ஓரங்கள் ரிம்மோடு ஒட்டும். பெற்றோல் ஊற்றிப் பற்றவைத்து அமர வைக்கிற வித்தையை யார் செய்தாலும் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து சுற்றிவர ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் பீட் அமரவில்லை. அப்படியே ஓடினால் சக்கரம் துள்ளும்.

கடையில் செய்விப்பதென்றால்

பெரும்பாலானோர் கடைக்குத்தான் கொண்டுபோவார்கள். சக்கரத்தை நீங்களே கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நில்லுங்கள். வேலை தொடங்க முன், மட்டக்களப்பில் “அண்ணன்” என்றோ, காத்தான்குடியில் “காக்கா” என்றோ மரியாதையாகச் சொல்லிவிடலாம்: “டிஸ்க் கீழ படாம வைங்க, விளிம்புக்குப் பிளாஸ்டிக் வச்சு எடுங்க, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல.” தொழில் தெரிந்தவர் இதைத் தப்பாக எடுக்கமாட்டார். கார் டயர் இயந்திரத்தில் செய்வதென்றால், பீட்டை நெரிக்கிற இரும்பு அலகு டிஸ்க்கில் படாமலும் ரிம்மிலிருந்து தள்ளி றப்பரில் மட்டும் படும்படியும் இருக்கிறதா, பிடிக்கிற கவ்விகளில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். உறை இல்லையென்றால் கையால் செய்யச் சொல்வதே பாதுகாப்பு.

திரும்ப மாட்டியபின்

டிரம் பிரேக் பின்சக்கரத்தில் பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற கம்பி ஒன்று உண்டு. அதன் நட்டையும் அதிலுள்ள பிளவு ஊசியையும் மாட்டாமல் விட்டால், பிரேக் மிதித்த உடனே தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்ட முன் அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். செயின் இறுக்கத்தைச் சரிசெய்கிற இடத்தில் இரு பக்க அடையாளக் கோடும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் லீவரை நாலைந்து தடவை அழுத்தி இறுக்கம் வந்த பிறகே நகருங்கள்.

காற்றின் அளவைப் பைக்கின் ஸ்டிக்கரிலோ கைநூலிலோ பார்த்து, சக்கரம் ஆறியிருக்கும்போது அடியுங்கள். பல்சர் 150க்கு முன்னால் 25, பின்னால் ஒருவர் போனால் 28, இருவர் என்றால் 32 பி.எஸ்.ஐ. புதிய றப்பரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவிலும் மழையிலும் சாய்க்காமல், பிரேக்கை மெதுவாகப் பிடித்து ஓட்டுங்கள். மாரி தொடங்கியபின் மாற்றினால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

மறுநாள் காலையில் பைக்கை எடுக்க முன் காற்றை அளந்து பாருங்கள். 2 பி.எஸ்.ஐக்கு மேல் இறங்கியிருந்தால் சக்கரத்தைப் படுக்க வைத்து, ரிம் ஓரம் சுற்றிவரவும் வால்வு அடியிலும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி வருகிற இடத்துக்கு நேரே ரிம்மில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். அப்போது முழு டயரையும் திரும்பக் கழற்றாமல் அந்த ஓரத்தை மட்டும் விடுவித்துச் சுத்தம் செய்யலாம்.