பழைய அனிமேவின் காணாமல் போன பைலட்டைத் தேடுவது எப்படி?

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடருக்குப் பணம் போடுபவர்களிடம் "கதை இது, படம் இப்படி இருக்கும்" என்று காட்ட முன்கூட்டியே எடுக்கும் சின்னப் படம்தான் பைலட். ஜப்பானில் பைலட் ஃபிலிம் என்பார்கள். சேனல்காரர்களும் விளம்பரதாரர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அதோடு அதன் வேலை முடிந்தது. ஒளிபரப்புக்காக எடுத்ததில்லை என்பதால் பெரும்பாலும் அன்றைய நாளிதழின் நிகழ்ச்சி நிரலில் இருக்காது, வீட்டில் யாரும் பதிவு செய்திருக்கவும் வழியில்லை. தொடர் முழுதாகக் கிடைத்தாலும் பைலட் மட்டும் சிக்காமல் போவது இதனால்தான்.

புதிதாகத் தேட வருபவர்கள் நேராக வீடியோவைத் தேடுகிறார்கள். யூடியூபில் இல்லையென்றால் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் காகிதத்தைத் தேடுங்கள், படத்தைக் கடைசியில் தேடுங்கள் என்பதுதான் நான் சொல்லித் தருவது.

படி 1: ஜப்பானிய எழுத்தில் பெயரைப் பிடியுங்கள்

ஆங்கிலத் தலைப்பில் தேடினால் மற்ற ரசிகர்கள் எழுதியதுதான் திரும்பத் திரும்ப வரும். விக்கிப்பீடியாவில் தொடரின் பக்கத்துக்குப் போய், மொழிப் பட்டியலில் ஜப்பானிய மொழியைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருக்கும் தலைப்பு, இயக்குநர், ஓவியர், தயாரிப்பு நிறுவனம் என எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். இனி எங்கே தேடினாலும் இந்தக் கோப்பிலிருந்துதான் ஒட்ட வேண்டும்.

அப்புறம் கைபேசியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலியைத் தட்டினால் எழுத்து வந்துவிடும். முதலில் மூன்று சொற்கள் போதும்: "மாபொரோஷி" (கண்ணுக்கு எட்டாமல் போன படைப்புகளைக் குறிக்கும் சொல்), "மிஹோஏ" (ஒளிபரப்பாகாதது), "எய்ஸோ தொகுதென்" (டிவிடியில் வரும் கூடுதல் காட்சிகள்). தலைப்புடன் இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள்.

பழைய குறிப்புகளில் ஆண்டு ஷோவா கணக்கில், அதாவது பேரரசரின் ஆட்சியாண்டை வைத்து, இருக்கும். 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 44 என்றால் 1969.

படி 2: உண்மையிலேயே தொலைந்ததா என்று பாருங்கள்

லூப்பன் என்ற திருடனைப் பற்றிய 'லூப்பன் தி தேர்ட்' தொடரின் பைலட்டையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோ மூவி நிறுவனம் 1969இல் இதைத் திரையரங்கப் படத்துக்காகச் செய்தது. அந்தத் திட்டம் நடக்கவில்லை. பிறகு தொலைக்காட்சிக்காக வேறு குரல்கள் சேர்த்து இன்னொரு வடிவமும் உருவானது. ஆக, பைலட் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று அகலத்திரை அளவு, மற்றது டிவி அளவு. நொசாவா நாச்சி, ஹிரோகாவா தாய்ச்சிரோ என்ற இருவர் ஆளுக்கொரு வடிவத்தில் லூப்பனாகப் பேசியிருக்கிறார்கள். 1971 அக்டோபரில் தொடர் வந்தபோது லூப்பன் யமாதா யாசுவோவின் குரலில் பேசினான். பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்க்காமல் கிடந்த இந்தப் பைலட் பின்னால் வீடியோவாகவே வெளிவந்துவிட்டது. 'லிட்டில் நீமோ' படத்துக்காகக் கொண்டோ யோஷிஃபுமி 1984இலும் தெஸாக்கி ஒசாமு 1987இலும் செய்த பைலட்டுகளையும் இன்று பார்க்க முடியும்.

அதனால் லேசர்டிஸ்க் பெட்டி, டிவிடி பெட்டி, புளூரே என எல்லாப் பதிப்புகளின் உள்ளடக்கப் பட்டியலையும் படியுங்கள். விற்றுத் தீர்ந்த பழைய பெட்டிகளின் பின்னட்டைப் படங்கள் பழைய பொருள் விற்கும் தளங்களில் கிடைக்கும். தொடரின் தொடக்கப் பாடல் காட்சிகளையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பைலட்டுக்காக வரைந்ததை வீணாக்காமல் அங்கே சேர்ப்பது உண்டு. கதையில் வராத ஓர் உடையோ முகமோ தென்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: காகிதம்

நீண்ட நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 1970களின் இறுதியில் அனிமே பத்திரிகைகள் வரத் தொடங்கின. 'அனிமேஜ்' 1978இல் வந்தது, 'நியூடைப்' 1985இல். அதற்கு முந்தைய படைப்புகளுக்கு விளம்பரத் துறை இதழ்களும் ஓவியர்களின் நினைவுக் கட்டுரைகளும்தான் கதி. ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம் தன் டிஜிட்டல் தொகுப்பின் பெரும் பகுதியில் உள்ளடக்கத்தையே தேட வசதி செய்திருக்கிறது. முழுப் பக்கத்தை இங்கிருந்து படிக்க முடியாமல் போகலாம். ஆனால் எந்த இதழில் அந்தச் சொல் வருகிறது என்று தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பதிவு செய்துகொண்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கும் நகல் அனுப்புவார்கள்.

பதிப்புரிமைப் பதிவேடுகளையும் மறக்காதீர்கள். 'செய்லர் மூன்' என்ற அனிமே தொடரை வைத்து 1990களில் ஓர் அமெரிக்க நிறுவனம் பாதி நடிகர்கள், பாதி அனிமேஷன் என்று பைலட் எடுத்தது. அது தொடராகவில்லை. 1998இல் ஒரு ரசிகர் மாநாட்டில் அதன் பாட்டுக் காட்சியைப் போட்டபோது யாரோ திரையைப் படம் பிடித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மங்கல் வீடியோதான் பரவலாகச் சுற்றியது. 'பவர் ரேஞ்சர்ஸ்' தயாரித்த சபான் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாதபோதும் "சபான் மூன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2022இல் முழுப் பைலட் கிடைத்தது, பதிப்புரிமைப் பதிவுகள் இருக்கும் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில். அது பத்திரமாகத்தான் இருந்தது, தேடியவர்கள் கையில்தான் தவறான பெயர்.

படி 4: நிறுவனத்தின் வம்சாவளி

படம் எடுத்த நிறுவனம் இன்று வேறு பெயரில் இருக்கலாம். டிசிஜே நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவுதான் இன்றைய எய்கென். தெசுக்கா ஒசாமு தொடங்கிய முஷி புரொடக்‌ஷன் 1973இல் திவாலானது. அதே 1973இல் வந்த முதல் 'டோரேமான்' தொடரைத் தயாரித்த நிறுவனமும் கலைந்துபோனது. ஆறு மாதம் ஓடிய அந்தத் தொடரே இன்று முழுதாகக் கிடைப்பதில்லை. நிறுவனம் கலையும்போது ஃபிலிம் டப்பாக்கள் ஆய்வகத்துக்கோ பணியாளர் வீட்டுக்கோ பழைய பொருள் வியாபாரிக்கோ போய்ச் சேரும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு கோடு போட்டு வரையுங்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அந்தக் கோட்டின் முனையில் இருக்கும்.

கடிதம் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எந்த இதழில், எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் மொழிபெயர்ப்புச் செயலியும் அதிகம் சொதப்பாது. "எனக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 5: ஏலமும் சந்தையும்

சரி, இப்போது படத்துக்கு வருவோம். 1917இல் கோவுச்சி ஜுனிச்சி செய்த 'நமகுரா கத்தானா' என்ற அனிமேஷன் குறும்படம், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து 2007இல் ஒசாக்காவில் பழம்பொருட்களுக்கு நடுவே கிடைத்தது. அதனால் ஜப்பானிய ஏலத் தளங்களிலும் பழைய அனிமே பொருட்கள் விற்கும் மந்தாராகே போன்ற கடைகளிலும் உங்கள் சொற்களுக்கு அறிவிப்பு வைத்துவிடுங்கள்.

ஏலப் படத்தில் டப்பாவின் மூடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பட எழுதிய தலைப்பு, ஆய்வகத்தின் முத்திரை, ஓரத்தில் ஓர் அடிக் கணக்கு. அந்த எண் முக்கியம். 16 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும், 35 மி.மீ. 90 அடி ஓடும். ஒளிபரப்பான அரைமணி அத்தியாயத்துக்கு 16 மி.மீ.இல் ஏறக்குறைய 900 அடி தேவை. 400 அடி என்றிருந்தால் 11 நிமிடம்தான். அது பைலட்டாக இருக்கலாம், பாதி அத்தியாயமாகவும் இருக்கலாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆசை தாங்காமல் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்தால் போனது போனதுதான். மற்ற சுருள்களிலிருந்து பிரித்து, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உரிமையாளருக்கோ டோக்கியோவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ எழுதுங்கள். அனுமதியில்லாமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த முறை டப்பா வைத்திருப்பவர் வாயே திறக்க மாட்டார்.

படி 6: குறிப்பேடு

இதை முதல் நாளே தொடங்குங்கள். தேதி, தேடிய இடம், தேடிய சொல், கிடைத்தது. பார்த்த பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள், ஏலப் பக்கங்கள் சீக்கிரம் மறைந்துவிடும். கிடைக்காததையும் எழுதுங்கள். "இந்த டிவிடி பெட்டியின் ஆறு வட்டுகளையும் பார்த்தேன், பைலட் இல்லை" என்ற ஒரு வரி, உங்களுக்குப் பின்னால் தேட வருபவருக்கு ஒரு மாதச் செலவை மிச்சப்படுத்தும்.