‘இது கலையா?’: தோட்டப் பட்டணத்தில் ஒரு மாலை விவாதத்தை நடத்தும் முறை

மலேசியாவின் பந்திங் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் ‘கலை என்றால் என்ன?’ என்னும் கேள்வியைப் பொதுவில் எழுப்பினால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். வந்தவர்கள் தலைக்கு ஒரு வரையறை சொல்லிவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். அல்லது பரதநாட்டியமும் கர்நாடக இசையும் தவிர மற்றவை வெறும் பொழுதுபோக்கு என்று ஒருவர் தொடங்கிவைக்க, பேச்சு திரைப்படப் பாடல்களின் தரத்தைப் பற்றிய சண்டையாக முடியும். இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், வரையறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, மேசைமேல் பொருள்களை வைத்துத் தொடங்க வேண்டும். கீழ்க்கண்ட முறை பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கானது. வாசகர் வட்டம், கோயில் இளைஞர் பிரிவு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் என யார் கூடினாலும் பொருந்தும். இரண்டரை மணி நேரமும் ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும்.

நான்கு பொருள்களைத் திரட்டுங்கள். முதலாவது, பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் உளியும், பால் பிடிக்கும் கிண்ணமான ஒரு மங்கும். அவற்றுடன் சீவிய மரத்தின் பட்டையை அருகிலிருந்து எடுத்த ஒரு படம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட போதிலும், பழைய லயத்து வீடுகளிலிருந்து தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் எங்கேயாவது ஓர் உளி மிஞ்சியிருக்கும். இரண்டாவது, கடையில் விற்கும் ஸ்டிக்கர் கோலம் ஒன்றும், அதே வடிவத்தை ஒரு பலகையில் அரிசிமாவால் கையால் இட்ட கோலம் ஒன்றும். மூன்றாவது, கேரித் தீவில் வாழும் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் செதுக்கும் முகமூடியின் படம். நான்காவதாக, எரிந்து கருகிய கொசுவத்திச் சுருளை ஒரு தட்டில் வைத்து, எந்த விளக்கமும் தராமல் மேசையின் நடுவில் வைத்துவிடுங்கள். முகமூடி விஷயத்தில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. அது முன்னோர் ஆவிகளைப் போற்றும் நடனத்தில் அணியப்படுவது. கேரித் தீவு அருகில்தான் இருக்கிறது என்பதால், முன்கூட்டியே போய், செதுக்குபவர் ஒருவரிடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்து வருவதும், அவர் இசைந்தால் உரிய கட்டணம் கொடுத்து அவரையே அழைத்து வந்து பேசச் சொல்வதும் சிறப்பு.

பேச்சைத் தொடங்குமுன் இரண்டு விதிகளை அறிவித்துவிடுங்கள். முதல் விதி, முதல் ஒரு மணி நேரத்துக்கு ‘நல்ல’, ‘அழகான’, ‘தரமான’ ஆகிய சொற்களை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஒரு பொருள் கலையா என்பது ஒரு கேள்வி. அது நல்ல கலையா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டும் கலந்துவிடுவதால்தான் நம் ஊர்க் கூட்டங்களில் பாதி நேரம் வீணாகிறது. மோசமாகப் பாடப்பட்ட கீர்த்தனையும் இசைதான் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே மேலே போக முடியும். இரண்டாவது விதி, யார் எந்த வரையறையைச் சொன்னாலும் அதை ஒரே வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதி, நம் தருக்க நூல்கள் சொல்லும் மூன்று குற்றங்கள் அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். பசு என்றால் பழுப்பு நிறமுடையது என்றால் வெள்ளைப் பசு விடுபட்டுப் போகும், இது அவ்வியாப்தி. கொம்புடையது என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும், இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புடையது என்றால் எந்தப் பசுவுக்குமே பொருந்தாது, இது அசம்பவம். இந்த எடுத்துக்காட்டை ஒருமுறை சொன்னால், பதின்ம வயதினர்கூட வரையறைகளை உடைக்கப் பழகிவிடுவார்கள்.

கூட்டத்தைச் சுங்க நீதிமன்றமாக அமைப்பது நல்ல பலன் தரும். இதற்கு உண்மையான முன்மாதிரி உண்டு. 1926இல் சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ (Bird in Space) என்னும் உலோகச் சிற்பம் நியூயார்க்கில் வந்திறங்கியது. அதில் சிறகும் அலகும் இல்லாததால் அது சிற்பமே அல்ல என்று முடிவுசெய்த சுங்க அதிகாரிகள், சமையல் பாத்திரங்களும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய பிரிவில் சேர்த்து 40 விழுக்காடு வரி விதித்தார்கள். கலைப் படைப்புகளுக்கோ அன்று வரி கிடையாது. வழக்கு நீதிமன்றம் போனது. இயற்கைப் பொருள்களைப் போலச் செய்யாமல் கருத்துகளை உருவாக்க முயலும் புதிய கலை மரபு ஒன்று தோன்றியிருப்பதை ஏற்று, 1928இல் நீதிபதிகள் சிற்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். உங்கள் குழுவில் மூவர் நீதிபதிகளாகவும், இருவர் சுங்கத்துறைத் தரப்பாகவும், இருவர் கலைஞர் தரப்பாகவும், எஞ்சியோர் சாட்சிகளாகவும் இருக்கட்டும். நீதிபதிகள் ஒவ்வொரு தரப்பிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘நீங்கள் சொல்லும் விதியை ஏற்றால், இந்த மேசையில் உள்ள வேறு எதெல்லாம் கலையாகிவிடும், எதெல்லாம் வெளியே போய்விடும்?’

முதலில் வரும் வரையறை அநேகமாக ‘இருப்பதைப் போலச் செய்வது’ என்பதாக இருக்கும். இதற்கு நீண்ட வயது உண்டு. ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ, தச்சர் செய்யும் கட்டில் உண்மைக்கு ஒரு படி கீழே இருக்கிறது, ஓவியர் தீட்டும் கட்டில் அதற்கும் கீழே இருக்கிறது என்று வாதிடுகிறார். எதையும் போலச் செய்யாத புள்ளிக் கோலம் ஒன்றே இந்த வரையறையை அவ்வியாப்தியில் தள்ளிவிடும் என்பதால் இதில் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

அடுத்தது உணர்ச்சி. டால்ஸ்டாய் 1897–98இல் வெளியிட்ட நூலில், தாம் அனுபவித்த உணர்ச்சியைப் புற அடையாளங்களின் வழியே பிறருக்குத் தொற்றச் செய்வதே கலை என்றார். தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டவர்கள் உடனே தலையாட்டுவார்கள். அவர்களிடம் ஒப்பாரியை எடுத்துக்காட்டிக் கேளுங்கள்: இறந்தவரைப் பார்த்தே அறியாத பெண் ஒருத்தி வந்து பாடி வீட்டாரை அழவைக்கிறாள், அவளுடையது கலையா? கலைஞர் தாமே மெய்யாக உணர்ந்திருக்க வேண்டும் என்று டால்ஸ்டாய் வலியுறுத்துவதால் அவர் இங்கே திணறுவார். (அந்தக் கண்டிப்பிலேயே தம் சொந்தப் படைப்புகளில் இரண்டு கதைகள் தவிர மற்றவற்றைக் கெட்ட கலை என்று ஒதுக்கியவர் அவர், இதைச் சொன்னால் கூட்டம் சற்றுக் கலகலப்பாகும்.) இந்த இடத்தில் தமிழாசிரியர் யாரேனும் இருந்தால் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளை நினைவூட்டுவார். அதை வரவேற்க வேண்டும். நகை, அழுகை தொடங்கி எண்ணப்படும் அந்தப் பட்டியல் கலைக்கு வரையறை சொல்லவில்லை. உள்ளத்தில் நிகழ்வது காண்போருக்குப் புலப்படும் விதத்தைப் பேசுகிறது. பாடுபவளுக்குச் சொந்தத் துக்கம் இருக்கிறதா என்பதைவிட அழுகை புலப்படுகிறதா என்பதே அங்கு முக்கியமாகிவிடுவதால், ஒப்பாரிக்கு டால்ஸ்டாயைக் காட்டிலும் இது நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

ஆங்கில விமர்சகர் கிளைவ் பெல் 1914இல் முன்வைத்த வடிவக் கொள்கைக்கு, அதாவது கோடும் நிறமும் கொள்ளும் உறவே கலையைக் கலையாக்குகிறது என்பதற்கு, இரண்டு கோலங்களும் சோதனை. வடிவம் ஒன்றுதான் என்றால் ஸ்டிக்கருக்கும் மாக்கோலத்துக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. ஆனால் வீட்டுப் பெண்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏன் என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். கையின் ஓட்டம், விடியலில் வாசல் தெளித்த ஈரம், எறும்புக்கும் உணவாகும் மாவு என்று பதில்கள் வரும். அவற்றில் ஒன்றுகூட வடிவத்தைப் பற்றியதாக இராது.

இப்போது கொசுவத்திச் சுருளை விளக்கலாம். 1974இல் கோலாலம்பூரில், டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்னும் மொழி, இலக்கிய நிறுவனத்தின் எழுத்தாளர் அரங்கில், ரெட்சா பியதாசா, சுலைமான் ஈசா என்னும் இரு கலைஞர்கள் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் பலர் உட்கார்ந்த ஒரு நாற்காலியும், பறவையை விடுவித்த பின் காலியான கூண்டும், பாதி குடித்த கொக்கோ கோலா போத்தல்களும், ஓர் இரவில் கொசுவை விரட்ட எரித்து முடித்த சுருள்களும் வைக்கப்பட்டன. கவிஞர் சாலே பென் ஜோனெட் அந்தக் கண்காட்சியின் கொள்கை அறிக்கைமேல் சிறுநீர் கழித்துத் தம் விமர்சனத்தைத் தெரிவித்தார். சிறுவர்கள் இருந்தால் இதை எப்படிச் சொல்வது என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். இதற்கு முன்பே, 1917இல், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்ப் பீங்கானைக் கவிழ்த்துக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தார். கட்டணம் செலுத்தும் எவரும் காட்சிக்கு வைக்கலாம் என்று விதி வைத்திருந்த நியூயார்க் கலைஞர் சங்கமே அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. 1964இல் அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் சோப்புப் பெட்டிகளைப் போன்ற பெட்டிகளை அடுக்கியபோது, ஆர்தர் டான்டோ என்னும் தத்துவவாதி, கண்ணுக்குத் தெரியும் எதுவும் இவற்றைக் கடைப்பெட்டியிலிருந்து பிரிக்கவில்லை, ஒரு கொள்கையும் வரலாறும் சேர்ந்த கலையுலகமே பிரிக்கிறது என்றார். ஜார்ஜ் டிக்கி என்னும் தத்துவவாதி 1974இல் இதை, கலையுலகத்தின் ஏற்பே ஒன்றைக் கலையாக்குகிறது என்னும் நிறுவனக் கொள்கையாக வளர்த்தார்.

இது நேர்மையான கொள்கை; உலகில் உண்மையில் நடப்பதைச் சொல்கிறது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இதை அப்படியே சொல்லி நிறுத்திவிடுவது சரியாகாது. கலையுலகம் கோலாலம்பூரில் இருக்கிறது, நீங்கள் பந்திங் அடங்கிய கோல லங்காட்டில் இருக்கிறீர்கள் என்பதே அதன் பொருளாகிவிடும். ஆகவே அடுத்த நாற்பது நிமிடத்தை, அதாவது மாலையின் மிகப் பெரிய பகுதியை, உளிக்குக் கொடுங்கள்.

1988இல் நியூயார்க்கில் சூசன் வோகல் நடத்திய ஒரு காட்சியில், ஆப்பிரிக்காவின் சாண்டே மக்களின் வேட்டைவலை ஒன்று சுருட்டிக் கட்டிய நிலையில் நவீன சிற்பம்போல வைக்கப்பட்டது. வலை எதைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை, வெறும் கருவிதான், எனவே கலையல்ல என்றார் டான்டோ. ஆல்ஃபிரெட் ஜெல் என்னும் மானிடவியலாளர் 1996இல் இதை மறுத்தார்: பொறி என்பது வேட்டைக்காரரின் எண்ணத்தையும் விலங்கின் இயல்பையும் ஒருசேரத் தன் உருவத்தில் வைத்திருக்கிறது, இதைவிட ஒரு சிற்பம் என்ன செய்துவிடுகிறது? இந்த வழக்கை அறிமுகப்படுத்திய பின், மரம் சீவிய அனுபவமுள்ள பாட்டி ஒருவரைச் சாட்சியாக அழைத்து, சீவிய பட்டையின் படத்தைக் காட்டுங்கள். இடமிருந்து வலமாகச் சரியும் கோடு ஏன் அந்தச் சாய்வில் இருக்கிறது, பட்டையை எவ்வளவு மெலிதாக எடுக்க வேண்டும், உளி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தினால் அந்த இடத்தில் பட்டை எப்படி முடிச்சிட்டு வளரும், ஒரு மரத்தைப் பார்த்தே சீவியவர் யார் என்று அடையாளம் காண முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் வந்தால், நடையும் தனித்த கைவண்ணமும் பற்றிய பேச்சு தானாகவே தொடங்கிவிடும். அதே சமயம் சுங்கத்துறைத் தரப்பை விட்டுவிடாதீர்கள். கைத்திறன் உள்ள எல்லாமே கலை என்றால் அதிவியாப்தி வரும் என்பதை அவர்கள் வலுவாகச் சொல்ல வேண்டும். கூலிக்காக இருட்டில் எழுந்து செய்த வேலைக்கு இன்று கலை என்று பெயர் சூட்டுவது யாருக்கு ஆறுதல் தருகிறது என்ற கசப்பான கேள்வியும் எழலாம். அதை அடக்க வேண்டாம். பாட்டியே பதில் சொல்லட்டும்.

பேச்சு தேங்கிப்போனால் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1977இல் செய்ததைச் செய்யுங்கள். ‘கலை என்பது எது?’ என்னும் கேள்வியை அவர் ‘எப்போது கலை?’ என்று மாற்றினார். மா மெரி முகமூடி நடனத்தில் ஒன்றாகவும், கண்ணாடிப் பெட்டியில் ஒன்றாகவும், சுற்றுலாப் பயணியின் பையில் இன்னொன்றாகவும் செயல்படுகிறது என்று பார்க்க இது உதவும். ஆனால் இக்கேள்வியை முதலிலேயே கொடுத்தால் எல்லாரும் ‘பார்ப்பவரைப் பொறுத்தது’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எனவே கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிபதிகள் ஒருமித்த தீர்ப்புக்கு வர வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த வரையறை எந்த இடத்தில் முறிந்தது என்பதை மட்டும் ஒருவர் குறிப்பேட்டில் எழுதட்டும். மீண்டும் கூட விருப்பமிருந்தால், அடுத்த மாலைக்குப் பத்தூர் நடராசரை எடுத்துக்கொண்டு, அது கலைப்பொருளா, வழிபடும் தெய்வமா என்று பேசலாம். தஞ்சைப் பகுதிக் கோயில் ஒன்றுக்கு உரிய அந்தச் செப்புத் திருமேனிக்காக லண்டனில் நடந்த வழக்கில், 1988இல் வந்த தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்ய, திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. அன்றைக்கு ஊர்க் கோயிலின் குருக்களையும், கோபுரத்தில் சுதை வேலை செய்யும் சிற்பி யாராவது ஊரில் தங்கியிருந்தால் அவரையும் முன்கூட்டியே அழைத்துவையுங்கள். குருக்களுக்கு மாலைப் பூசை இருக்கும் என்பதால் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.