மெய்ன் மாநிலத்தில் அவசர உதவி: 211, அப்புறம் டவுன் ஆபீஸ்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஊர்கள் சிதறிக் கிடப்பதால், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதைச் சொல்லும் உதவி எண்ணான 211-ஐ அழையுங்கள். பேச வசதியில்லையா, உங்கள் ஜிப் கோட் (அஞ்சல் குறியீட்டு எண்) எதுவோ அதை 898-211-க்கு மெசேஜ் அனுப்புங்கள். அழைத்ததும் முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

வாடகை, மின்கட்டணம், வீட்டைச் சூடேற்றும் எண்ணெய், சாப்பாடு என்று அவசரம் வந்தால் டவுன் ஆபீசில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், ‘ஜெனரல் அசிஸ்டன்ஸ்’ என்ற உதவித் திட்டத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு ஊராட்சியும் இதை நடத்தியே ஆகவேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்: தபால் முகவரி ஒரு ஊரைக் காட்டும், வீடு பக்கத்து ஊரின் எல்லைக்குள் இருக்கும். சொத்துவரி ரசீதில் எந்த ஊர் இருக்கிறதோ அங்கேதான் போகவேண்டும். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிற்றூர் ஆபீஸ்கள் தினமும் திறப்பதில்லை. போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அடையாள அட்டை, கடைசி 30 நாள் வருமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், நிலுவை பில் எடுத்துப்போங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாமல் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் முடிவு சொல்வது சட்டப்படி அவர்கள் கடமை. மறுத்தால், 5 வேலை நாளுக்குள் மேல்விசாரணை கேட்கலாம். உதவி பெரும்பாலும் ரொக்கமாக வராது, வவுச்சராக வரும்.

எண்ணெய் டேங்க் கால்பங்குக்கு இறங்கும்போதே உதவி கேட்கக் கிளம்புங்கள். முழுக்க வற்றினால் குழாயில் காற்று புகுந்து, வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸை மறுபடி ஓட்ட ஆள் கூலியும் சேரும்.