குளத்தில் பாய்க்கோரையை அடையாளம் காண்பது எப்படி

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். பாய் நெய்யும் கோரையைத் தேடித் தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் முதலில் காட்டுவது எப்போதும் சம்பு என்ற வேறு செடியைத்தான். உயரமாக, பச்சையாக நின்றால் கோரை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உயரத்தை நம்பாதீர்கள், தண்டை நறுக்கிப் பாருங்கள்.

ஒரு பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பழைய செய்தித்தாள், இவ்வளவு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகிக் கிடக்கும்போது கரையை விட்டு இறங்க முடியாது. தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கும், அப்போது போங்கள்.

தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். கோரைக் குடும்பத்தில் பெரும்பாலும் மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லில் இருப்பது போன்ற கணுக்கள் இருக்காது. குறுக்கே நறுக்கினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற சோறு. சேற்றுக்குள் காற்று புகாது என்பதால், தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகத்தான் வேருக்கு ஆக்ஸிஜன் இறங்குகிறது. நம்பாவிட்டால் ஒரு வேரைக் கழுவிப் பாருங்கள்: கறுப்புச் சேற்றில் இருந்த வேரின் மேல் துருநிறம் படிந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். கசியும் ஆக்ஸிஜன் அங்குள்ள இரும்போடு சேர்ந்து படிவது அது.

இனி குழப்பும் செடிகள். சம்பு கோரையே அல்ல. தட்டையான நீண்ட இலையும் பழுப்பு நிற உருளைக் கதிரும் காட்டிக் கொடுத்துவிடும். ஆழமான தண்ணீரில், உருண்டைத் தண்டாக, நுனியில் ஒரே ஒரு சிறுகதிரோடு நின்றால் அது எலியோகாரிஸ் என்ற இன்னொரு கோரை வகை. அதில் எலியோகாரிஸ் டல்சிஸ் என்ற இனத்தின் தண்டுக்குள் குறுக்கே தடுப்புகள் இருக்கும். அழுத்தினால் படபடவென்று உடையும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வரப்பிலும் தோட்டத்திலும் முழங்காலுக்குக் கீழே நின்று, தோண்டினால் வாசனையுள்ள கிழங்கு வந்தால் சைபரஸ் ரொட்டண்டஸ். விவசாயி திட்டுவது இதைத்தான்.

பாய்க்கோரை, அதாவது சைபரஸ் பாங்கோரை, கரையோர ஈரத்திலும் ஆழமில்லாத தண்ணீரிலும் நிற்கும். மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் முளைப்பதால் தனிச் செடியாக அல்லாமல் கூட்டமாகத்தான் பார்ப்பீர்கள். சுமார் ஒரு மீட்டர் உயரம். அடியில் இலை பெரும்பாலும் வெறும் உறையாகக் குறுகிவிடும். இலையும் கணுவும் குறுக்கிடாத இந்த நீளத் தண்டைத்தான் கீறிப் பாய் நெய்கிறார்கள்.

உச்சியில் இலை மாதிரி சில பூவடியிலைகள், அவற்றின் மேல் குடைக்கம்பி போல விரியும் காம்புகள், காம்பு நுனியில் மெல்லிய சிறுகதிர்கள். லென்ஸை இங்கே வையுங்கள். தட்டையான சிறுகதிரில் செதில்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தால் சைபரஸ் என்ற பேரினத்தின் பக்கம் வந்துவிட்டீர்கள். ஒரு செதிலைப் பிரித்தால் உள்ளே சின்னஞ்சிறு கொட்டை. பாய்க்கோரையில் அதற்கும் மூன்று பக்கம். பழைய நூல்களில் சைபரஸ் டெஜெட்டம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இதே செடிதான்.

மாதிரி எடுப்பதானால் அடித்தண்டோடு எடுத்து, இரண்டு மூன்றாக மடித்து, செய்தித்தாளுக்குள் அழுத்துங்கள். இடம், தேதி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். சரி, மாடு நுனியை மேய்ந்துவிட்டதா? கொட்டை முற்றவில்லையா? பிடுங்காமல் விட்டு அடுத்த மாதம் வாருங்கள். முசிறி, கரூர்ப் பக்கம் காவிரி ஓரத்தில் கோரை பயிராகவே நிற்கும். அங்கே உரியவரிடம் கேட்காமல் ஒரு தண்டுகூட அறுக்காதீர்கள்.