அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத்தின் ஆட்டிசம் குழந்தைக்கு உதவ வேண்டுமென்றால்

அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சியாளராகவோ சிறப்புக் கல்வி ஆசிரியராகவோ இருப்பவர்கள், ஒரு கறுப்பினக் குடும்பத்தை முதன்முதலில் சந்திக்கும்போது பரிசோதனைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். குழந்தையிடம் ஏதோ வித்தியாசம் இருப்பதாக எப்போது தோன்றியது? யாரிடம் சொன்னீர்கள்? அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? பதிலை அவர்களுடைய வார்த்தையிலேயே, மாதம் வருடத்தோடு கோப்பில் எழுதுங்கள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், 584 கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் உறுதியான சராசரி வயது சுமார் 65 மாதம். பெற்றோருக்கு முதல் சந்தேகம் வந்து அதற்குள் மூன்று வருடம் தாண்டியிருந்தது. பெற்றோர் கவனித்துவிட்டார்கள், தாமதம் அதற்குப் பிறகுதான். அதனால் தேதி போட்ட காகிதம்தான் இந்தக் குடும்பங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால் மருத்துவரின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ச்சியில் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கான மாநிலத்தின் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தைப் பெற்றோரே நேரடியாக அழைக்கலாம். அழைத்த 45 நாளுக்குள் பரிசோதனையை முடித்து, குழந்தைக்கான உதவித் திட்டத்தை வகுக்கும் கூட்டம் நடத்த வேண்டும் என்பது சட்டம். 18, 24 மாதங்களில் குழந்தைநல மருத்துவர் கொடுக்கும் எம்-சாட் என்ற, ஆட்டிசத்துக்கான வாய்ப்பைக் கணிக்கும் 20 கேள்விப் பட்டியலில் 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால், தொடர் கேள்விகளையும் கேட்டாக வேண்டும். ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று அனுப்பிவிடுவது இந்த இடத்தில்தான். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தொடர் கேள்விகூடத் தேவையில்லை, நேராக நிபுணரிடம் அனுப்பலாம்.

மூன்று வயது முடிந்திருந்தால் பள்ளி மாவட்டத்திடம் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளின் நிர்வாகம்) பரிசோதனை வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். பரிசோதனைக்கான 60 நாள் (சில மாநிலங்களில் இது வேறுபடும்) கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடாது, பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். ‘சம்மதப் படிவத்தை உடனே அனுப்புங்கள்’ என்ற ஒரு வரியைக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மொழிப் பரிசோதனையில் கவனம் வேண்டும். கறுப்பின ஆங்கிலம் தனக்கென இலக்கணம் உள்ள வழக்கு. ‘ஷீ ஈஸ் ரன்னிங்’ என்பதை ஒரு குழந்தை ‘ஷீ ரன்னிங்’ என்று சொன்னால் அது பிழையல்ல, வீட்டு மொழி. அதைப் பிழையாகக் கணக்கிட்டால் மதிப்பெண் பொய்யாகக் குறையும். உண்மையான சிக்கல் எங்கே என்பதும் தெரியாமல் போகும். ‘இவன் வயசுள்ள மற்ற பேரப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவன் பேச்சு எப்படி இருக்கிறது?’ என்று பாட்டியிடம் கேளுங்கள். பல மதிப்பெண் அட்டவணைகளைவிட இந்தப் பதில் பயன்படும். பாட்டி, பெரியம்மா, ஞானத்தாய் என்று யார் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதைக் குடும்பமே சொல்லட்டும். நாற்காலிகளை அதற்கேற்பப் போடுங்கள்.

தலைமுடி பெரிய விஷயம், ஆனால் பயிற்சித் திட்டங்களில் அது அநேகமாக வருவதே இல்லை. ‘தலை வாரிக்கொள்வான்’ என்று இலக்கு எழுதி, சாதாரணச் சீப்பைக் கொடுத்தால் இறுக்கமான சுருள் முடியில் அது வலிக்கத்தான் செய்யும். குழந்தை அலறுவது நடத்தைப் பிரச்சினை என்று பதிவாகிவிடும். முதலில் தாயிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பொதுவாக முடியை 4 முதல் 8 பகுதியாகப் பிரித்து, ஈரமாக, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுப்பார்கள். சீப்புக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்தால் இழுப்பு உச்சந்தலைக்கு எட்டாது. ஒரு பகுதி முடிந்ததும் இடைவெளி. மீதி எத்தனை என்பதைப் படமாகக் குழந்தையின் கண்ணெதிரே வையுங்கள். முடிவெட்டும் கடைக்குப் போவதென்றால் அன்றைய முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அணைத்து வைத்த கிளிப்பரை (முடிவெட்டும் இயந்திரம்) குழந்தை முதலில் கையில் வைத்துப் பார்க்கட்டும். மூளை அலைப் பரிசோதனை இருந்தால் தேதியோடு இதையும் சொல்லிவிடுங்கள்: மின்முனைகள் தலைத்தோலில் படவேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய பின்னலை மறுநாள் அவிழ்க்கச் சொல்வது கொடுமை.

பள்ளியிலிருந்து ‘இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க’ என்று அழைப்பு வந்தால், பெற்றோர் தேதியையும் நேரத்தையும் குறித்துவைக்கட்டும். அரைநாள் வெளியேற்றமும் இடைநீக்கக் கணக்கில் சேரக்கூடும். நீக்கம் தொடர்ந்து 10 பள்ளி நாளைத் தாண்டினாலோ, விட்டுவிட்டு நடந்து ஒரே பள்ளி ஆண்டில் மொத்தம் 10 நாளைத் தாண்டி ஒரே போக்காகத் தெரிந்தாலோ, நடத்தைக்குக் காரணம் அந்தக் குறைபாடுதானா என்று ஆராயும் கூட்டத்தைப் பள்ளி நடத்தியாக வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் ‘அதெல்லாம் நீக்கமே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள்.

காவல்துறை பற்றிய பயத்தை மிகையென்று ஒதுக்காதீர்கள். 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆப்பிள் வேலியில், குடும்பத்தினர் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்த பிறகு, ஆட்டிசம் உள்ள 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஷெரிஃப் துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். பொது இடத்தில் பெற்றோர் பிள்ளையிடம் கண்டிப்பாக இருந்தால் அதன் பின்னால் இந்தப் பயம் இருக்கலாம்; அதற்குப் பாடம் எடுக்க வேண்டாம். உங்கள் கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) காவலர் இல்லாமல் வரும் நடமாடும் நெருக்கடிக் குழு இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து, எண்ணைக் கொடுங்கள். 911-ஐ அழைக்க நேர்ந்தால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி, வீட்டில் எல்லோரும் வாசித்துப் பழகட்டும்: பெயர், வயது, ஆட்டிசம் உள்ளவன், கையில் என்ன இருக்கிறது அல்லது இல்லை, கட்டளைக்கு உடனே பதில் வராது, சைரனும் விளக்கும் வேண்டாம், நெருக்கடிப் பயிற்சி பெற்ற அதிகாரியை அனுப்புங்கள். பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதைச் சொல்லும் அட்டையைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. எடுக்கக் கை உள்ளே போகும் நொடிதான் ஆபத்து. கழுத்துப் பட்டையிலோ கார் இருக்கைப் பட்டையிலோ வெளியே தெரியும்படி மாட்டுங்கள்.